தடய அறிவியலும் வழக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலையோ, விஷச்சாவோ, வாகன விபத்தோ, எந்த வழக்கானாலும் வீட்டாரும் செய்தியாளர்களும் முதலில் கேட்பது "ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்பதுதான். அந்த ரிப்போர்ட்டை யார் தருகிறார்கள், அதில் என்ன இருக்கும், நீதிமன்றத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பன பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன. சட்டப் பிரிவுகள் இந்தியாவுக்கு உரியவை. நடைமுறை பெரும்பாலும் தமிழ்நாட்டினுடையது.

தடய அறிவியல் என்பது தனி ஒரு துறையா?

ஒரே துறை என்று சொல்ல முடியாது. வேதியியல், உயிரியல், இயற்பியல், மருத்துவம், கணினி என எந்த அறிவையும் நீதிமன்றத்தின் முன் நிற்கும் ஒரு கேள்விக்கு விடை காணப் பயன்படுத்தினால் அது தடய அறிவியல். இரைப்பையில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பவர் வேதியியலர். தோட்டாவில் உள்ள கீறல்களை நுண்ணோக்கியில் ஒப்பிடுபவர் இயற்பியல் படித்தவராக இருக்கலாம். இவர்களில் யாரும் "இவன்தான் கொன்றான்" என்று சொல்வதில்லை. "சட்டையில் இருப்பது மனித ரத்தம்", "இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்து வெளிவந்தது" என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. மற்றதைத் தீர்மானிப்பது நீதிபதி. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எல்லைக்கோடே தெரிவதில்லை.

இது எப்போது தொடங்கியது?

நவீன காலத்தில் விஷத்திலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். ஆர்சனிக், அதாவது பாஷாணம், கொடுத்துக் கொல்வது ஐரோப்பாவில் சுலபம், அதை நிரூபிப்பதுதான் கஷ்டம் என்றிருந்த காலம். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலர், மிகச் சிறிய அளவு ஆர்சனிக்கையும் காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார். 1840இல் பிரான்சில் மரி லஃபார்ஜ் என்ற பெண் கணவனுக்கு விஷம் வைத்ததாக வழக்கு. உள்ளூரில் உடலைச் சோதித்தவர்கள் விஷம் இல்லை என்றார்கள். பாரிஸிலிருந்து வந்த விஷவியல் நிபுணர் ஓர்ஃபிலா அதே மார்ஷ் சோதனையைச் செய்து, இருக்கிறது என்று காட்டினார். ஒரே சோதனை, செய்தவரைப் பொறுத்து இரண்டு முடிவுகள்! இந்தத் துறையின் பெருமையும் சிக்கலும் அந்த ஒரு வழக்கிலேயே இருக்கின்றன.

அதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1849இல், இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னையில் தொடங்கியது. கல்கத்தாவும் ஆக்ராவும் பம்பாயும் பின்னால் வந்தவை. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அந்த ஆய்வகம்.

கைரேகையின் கதை வங்காளத்தில் நடக்கிறது. 1858இல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் முறைக்கு வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கான கணக்கைப் போட்டுக்கொடுத்தவர்கள் அவரிடம் வேலை பார்த்த அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகள். உலகமெங்கும் காவல்துறைகள் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய முறை அது. நம் பாடப்புத்தகங்கள் அந்த இருவரின் பெயரையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்வது போலீஸா?

மூன்று தனித்தனி அமைப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் அரசு மருத்துவர்கள். மருத்துவக் கல்லூரிகளில் அதற்கென்று சட்ட மருத்துவத் துறை உண்டு. கைரேகைப் பிரிவு காவல்துறையைச் சேர்ந்தது. ரத்தம், விஷம், வெடிமருந்து, துப்பாக்கி, ஆவணம், டிஎன்ஏ ஆகியவற்றை ஆராயும் தடய அறிவியல் துறை இவ்விரண்டிலிருந்தும் வேறு. உள்துறையின் கீழ் இருந்தாலும் அது விஞ்ஞானிகளைக் கொண்ட தனித் துறை. தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரிலும், வட்டார ஆய்வகங்கள் மதுரை, கோவை, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களிலும் இருக்கின்றன. ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர் போன்ற நகரங்களில் மத்திய அரசின் ஆய்வகங்கள் உண்டு.

புலனாய்வு செய்பவரும் பொருளைச் சோதிப்பவரும் ஒரே மேலதிகாரிக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது உலகெங்கும் வற்புறுத்தப்படும் கொள்கை. அந்த வகையில் தமிழ்நாட்டு அமைப்பு நல்ல அமைப்பு.

சம்பவ இடத்தில் முதலில் என்ன நடக்க வேண்டும்?

யாரும் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான், ஆனால் நம் ஊரில் இதைவிடக் கடினமான காரியம் வேறில்லை. செய்தி கேட்டதும் தெருவே கூடிவிடும். உறவினர்கள் உடலைப் புரட்டுவார்கள், யாரோ முகத்தில் துணி போடுவார்கள், ரத்தத்தைக் கழுவிவிடுவாரும் உண்டு. 1910இல் பிரான்சின் லியோன் நகரில் காவல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கிய எட்மண்ட் லோகார்ட், இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்ற கருத்தை வலியுறுத்தினார். குற்றவாளிக்குப் பொருந்துவது வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் பொருந்தும்.

அடுத்து படம் எடுப்பது, வரைபடம் போடுவது, பொருள்களைச் சாட்சிகள் முன்னிலையில் மகஜர், அதாவது கைப்பற்றல் குறிப்பு, எழுதிக் கைப்பற்றுவது. ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி உறை, முத்திரை, கையொப்பம், தேதி, நேரம். கவர்ச்சியில்லாத இந்த எழுத்து வேலையில்தான் வழக்குகள் பிழைக்கின்றன அல்லது சாகின்றன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 176(3)இல், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். சோதனையிடுவதையும் பறிமுதல் செய்வதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பிரிவு 105 சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். அதற்கேற்ற ஆட்களும் வண்டிகளும் ஆய்வக மேசைகளும் எங்கிருந்து வரப்போகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கைரேகை பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததா?

இந்தியாவில் கைரேகையை வைத்துத் தண்டனை கிடைத்த தொடக்ககால வழக்கே இதற்குப் பதில். 1898இல் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார், பணம் களவு போனது. அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் ரத்தக்கறையோடு பெருவிரல் ரேகை. அது முன்பு தண்டனை பெற்ற ஒரு வேலையாளின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ரேகை அவர் அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டதைக் காட்டுகிறது. கழுத்தை அறுத்தவர் அவர்தான் என்பதைக் காட்டவில்லை. நூறாண்டுக்கு முன் அந்த நீதிமன்றம் காட்டிய நிதானம் இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் கிடைப்பதில்லை.

அதற்கு 6 ஆண்டுகள் முன், 1892இல், அர்ஜென்டினாவில் பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற பெண்ணின் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அவள் பக்கத்து ஆள் ஒருவரைக் கைகாட்டினாள். அவரைச் சித்திரவதை செய்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் இருந்த ரத்த ரேகை தாயுடையது என்று தெரிந்த பிறகு அவளே ஒப்புக்கொண்டாள். அடித்து வாங்க முயன்ற பொய்யைத் தடயம் தடுத்த வழக்கு அது.

மறுபக்கமும் உண்டு. 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. அங்கே கிடைத்த பை ஒன்றிலிருந்த ரேகை, அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் ஒருவருக்குப் பலராகச் சொன்னார்கள். சுமார் இரண்டு வாரம் அவரை அடைத்தும் வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகைக்கு உரியவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவர் என்று கண்டுபிடித்தது. எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. இரண்டு பேருக்கு ஒரே ரேகை இருந்ததால் வந்த பிழையில்லை இது. பாதி மங்கிய ரேகையைப் பார்த்து முழு உறுதி சொன்னதால் வந்தது.

டிஎன்ஏ சோதனை எப்படிச் செய்கிறார்கள்?

நம் மரபணுத் தொடரில் சில இடங்களில் சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சுமார் 20 இடங்களில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் ஓர் எண் வரிசை கிடைக்கும். சம்பவ இடத்து மாதிரியின் வரிசையும் சந்தேக நபரின் வரிசையும் ஒன்றா என்று ஒப்பிடுவார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மட்டும் இது ஒன்றாகவே இருக்கும்.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த வழியிலிருந்து வளர்ந்தது இது. அதே வட்டாரத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு பதின்வயதுப் பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். சோதனையில் இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், அது இந்தப் பையன் அல்ல என்று தெரிந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். காலின் பிட்ச்ஃபோர்க் என்பவர் தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தது மதுக்கடைப் பேச்சில் வெளிவந்தது. 1988இல் அவருக்கு ஆயுள் தண்டனை. டிஎன்ஏ ஒரு கொலை வழக்குக்குள் நுழைந்தபோது முதலில் செய்தது ஒரு அப்பாவியை வெளியே விட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் இதை நிலைநிறுத்தியவர் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் லால்ஜி சிங்.

டிஎன்ஏ பொருந்தினால் சந்தேகமே இல்லைதானே?

சந்தேகம் இல்லாமல் போவதில்லை. வேறு இடங்களுக்கு நகர்கிறது.

முதலில் எண்ணிக்கை. மாதிரி சிதைந்திருந்து பாதி வரிசைதான் கிடைத்தது, அது பத்து லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் "அப்படியானால் இவர் குற்றவாளியாக இல்லாமலிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்று தோன்றும். தப்புக் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் எழுபது பேருக்கு மேல் பொருந்தக்கூடும். வேறு எந்த ஆதாரமும் இல்லாமல் அந்த எழுபது பேரில் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் அது நீதியாகாது. முழு வரிசை கிடைத்தால் எண் மிகப் பெரிதாகி இந்தப் பிரச்சினை குறையும். ஆனால் எண்ணைச் சொல்லாமல் "பொருந்துகிறது" என்று மட்டும் எழுதும் அறிக்கையை வழக்கறிஞர் கேள்வி கேட்காமல் விடக் கூடாது.

அடுத்தது கலப்படம். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. 2007இல் ஹைல்பிரான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பெண் காவலரின் வழக்கிலும் அவளேதான். பெரும் பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009இல் உண்மை தெரிந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொட்டலம் கட்டிய தொழிலாளியின் டிஎன்ஏ. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான், ஆனால் கிருமி செத்தாலும் டிஎன்ஏ அப்படியே இருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுவித்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, டிஎன்ஏ மாதிரிகள் எடுத்த நாளிலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்குத் திருப்தியான கணக்கு இல்லை. அந்தத் தீர்ப்பில் நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் இருக்கின்றன. மாதிரியை எடுக்கும்போதே வழக்கு விவரங்களோடு மருத்துவர், புலனாய்வு அதிகாரி, சாட்சிகளின் கையொப்பம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது. முதல் கையிலிருந்து கடைசிக் கைவரை பதிவேடு இருக்க வேண்டும்.

விடுதலையானவர் நிரபராதியா, இல்லையா? அந்த உறைகள் ஒழுங்காக இருந்திருந்தால் அதற்கு விடை கிடைத்திருக்கும். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் 14 ஆண்டுகள் கழித்து ஒரு முடிவு கிடைத்திருக்கும். அஜாக்கிரதை இரண்டு தரப்புக்கும் செய்த அநியாயம் அது.

பிரேதப் பரிசோதனை முடிந்தும் இறப்புக்குக் காரணம் ஏன் சொல்வதில்லை?

விஷம் என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர் கருத்தை நிறுத்திவைப்பார். இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் ஆகியவற்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவமனைகளில் "விசரா" என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் உறுப்புகளைப் பதப்படுத்துவது செறிவான சாதாரண உப்புக் கரைசலில். அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்புவார்கள், விஷம் உப்பிலிருந்து வரவில்லை என்று காட்டுவதற்கு.

நம் பகுதியின் விஷங்கள் நமக்கே உரியவை. பூச்சிமருந்து, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட், அரளி விதை, ஒடுவன் தழை, ஊமத்தை. வேதிப் பூச்சிமருந்துகளைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. தாவர விஷங்களுக்கு, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருந்தால் பெரிய உதவி. அதனால்தான் உடல் கிடந்த இடத்தில் இருந்த பாட்டிலும் வாந்தியும் மென்ற விதையும் உள்ளுறுப்புகள் அளவுக்கே முக்கியம்.

"விஷம் காணப்படவில்லை" என்ற அறிக்கை வந்தால் விஷமே கொடுக்கவில்லை என்று பொருளில்லை. பல நாள் சிகிச்சை பெற்று இறந்திருந்தால் உடல் அதை வெளியேற்றியிருக்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் சாராயம் குடித்து இறந்தபோது, அதில் இருந்தது மெத்தனால் என்பதை உறுதி செய்தது ஆய்வகச் சோதனை. இந்த மாதிரிச் சமயத்தில் சோதனை முடிவு வழக்குக்கு மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடப்பவர்களுக்கும் வேண்டும். மெத்தனாலுக்கு மாற்றுமருந்து உண்டு, சீக்கிரம் கொடுக்க வேண்டும்.

இறந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியுமா?

முடியாது. உடல் விறைப்பு பொதுவாக 2, 3 மணி நேரத்தில் தொடங்கி 12 மணி நேர அளவில் முழுமையாகும், பிறகு தளரும். சித்திரை வெயிலில் எல்லாமே வேகமாக நடக்கும். "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்" என்று சொல்லும் மருத்துவரை நம்பலாம். 9.40 என்று சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

வெடித்துச் சிதறிய இடத்தில் என்ன மிஞ்சும்?

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலையின் புலனாய்வு பெருமளவு இரண்டு தடயங்களில் ஊன்றி நின்றது. ஒன்று, இறந்து கிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. ஆள் போனாலும் பிலிம் பிழைத்தது, அதிலிருந்த பத்துப் படங்கள் சந்தன மாலையோடு நின்ற பெண்ணையும் கூட இருந்தவர்களையும் காட்டின. மற்றது, அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன் செய்த மீட்டுருவாக்கம். சிதறிய துணித்துண்டு, கம்பி, பேட்டரி, இரும்பு உருண்டைகள், உடல்களில் காயம் இருந்த திசை, இவற்றை ஒன்றுசேர்த்து, குண்டு எங்கும் புதைத்துவைக்கப்படவில்லை, ஒரு பெண் இடுப்பில் கட்டி வந்தது என்று அவர் நிறுவினார். அதுவரை பூக்கூடையில் குண்டு, மேடையில் குண்டு என்றெல்லாம் பேச்சு இருந்தது. உடல்களில் எது அதிகம் சிதைந்திருக்கிறது, எந்தப் பக்கம் சிதைந்திருக்கிறது என்று பார்த்தால் குண்டுக்கு யார் மிக அருகில் இருந்தார் என்று தெரியும். எளிய தர்க்கம்தான், ஆனால் அந்த இடத்தில் நின்று பொறுக்கி எடுக்கப் பொறுமை வேண்டும்.

உண்மை கண்டறியும் சோதனை செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடாதா?

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், நார்கோ (மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்தாலும் அதில் சொன்னது அப்படியே சாட்சியமாகாது. அரை மயக்கத்தில் மனிதர்கள் உண்மையும் சொல்வார்கள், கற்பனையும் சொல்வார்கள், கேட்பவர் விரும்புவதையும் சொல்வார்கள்.

கைரேகை, கையெழுத்து மாதிரி எடுப்பது இதிலிருந்து வேறுபட்டது. அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்துவது ஆகாது என்று 1961இலேயே 11 நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது.

செல்போனும் சிசிடிவியும்?

இன்று பெரும்பாலான வழக்குகளின் முதுகெலும்பு இவைதாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 65பி. கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் "ஹாஷ்" என்ற அடையாள எண்ணையும் அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பென் டிரைவில் ஏற்றி நீட்டினால் போதாது.

சிசிடிவியின் பெரிய எதிரி நேரம். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கில், விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், வன்தட்டில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததாக அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் அவரிடம் சொன்னார். கேமரா அழிந்த இடத்தில் கறையும் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சின. அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வழி செய்ய வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

புதைகுழி எலும்புகளை வைத்து என்ன சொல்ல முடியும்?

ஆணா பெண்ணா, ஏறக்குறைய வயது, உயரம், காயங்கள், பல்லில் செய்த வேலை. டிஎன்ஏ கிடைத்தால், உறவினர் மாதிரியோடு ஒப்பிட்டுப் பெயர். எப்போது புதைக்கப்பட்டது என்பதுதான் சிக்கல். இலங்கையில் மன்னார் நகரில் 2018இல் தோண்டிய குழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கார்பன் சோதனை செய்த சில மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் முடிவு வந்தது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களால் அதை ஏற்க முடியவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயமும் உண்டு: நூற்றுக்கணக்கானவற்றில் எடுத்த சில மாதிரிகள் முழுக் குழிக்கும் பேசுமா, கூடக் கிடைத்த பொருள்களையும் மண் அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று. சோதனை எண் சரியாகவே இருந்தாலும் அதை எந்தக் கேள்விக்கு விடையாக வைக்கிறோம் என்பது தனி.

எல்லாத் தடயவியல் முறைகளும் ஒரே அளவு நம்பகமானவையா?

இல்லவே இல்லை. 2009இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு விரிவான அறிக்கை ஒன்று வெளியிட்டது. தடயத்தை ஒரு குறிப்பிட்ட நபரோடு உறுதியாக இணைக்கும் திறன் கடுமையான சோதனையில் நிரூபணமானது டிஎன்ஏவுக்கு மட்டும்தான் என்பது அதன் சாரம். பல்தடம், முடி ஒப்பீடு போன்றவை பலத்த அடி வாங்கின. 2015இல் எஃப்பிஐ தன் பழைய முடி ஒப்பீட்டு வழக்குகளைத் திரும்பப் பார்த்தபோது, ஆராய்ந்த சாட்சியங்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிழையான கூற்று இருந்தது. அந்த நிபுணர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்பதில்லை. தெரிந்ததற்கு மேல் சொன்னார்கள்.

கையெழுத்து ஒப்பீட்டை நம் நீதிமன்றங்கள் நெடுநாளாகவே எச்சரிக்கையோடுதான் பார்க்கின்றன.

நிபுணர் சொன்னதை நீதிபதி ஏற்றே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 39 நிபுணர் சொல்வதைக் "கருத்து" என்கிறது. காரணம் சொல்லாத கருத்துக்கு மதிப்புக் குறைவு. அரசு ஆய்வக நிபுணர்களின் அறிக்கையை அவரைக் கூப்பிடாமலே சாட்சியமாக ஏற்கலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 329 அனுமதிக்கிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் முக்கியமான வழக்கில் எதிர்த்தரப்பு அவரைக் கூண்டுக்கு அழைக்கக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்ன செய்ய வேண்டும்?

உயிரும் உடல்நலமும் முதலில். முடிந்தால் குளிக்காமல், அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் வழக்கு போய்விட்டதாக நினைக்க வேண்டாம். முதலுதவியும் சிகிச்சையும் அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் கட்டாயம். "இரு விரல்" சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அது கண்ணியத்தைக் குலைப்பது என்று 2013இலும் 2022இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் செய்யும் மருத்துவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

சந்தேக மரணத்தில் குடும்பத்தினர் எதைக் கேட்கலாம்?

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல். உள்ளுறுப்புகள் எடுத்தார்களா, எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போயின என்ற விவரம். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை, காவலில் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை. முதல் பரிசோதனையில் நம்பிக்கை இல்லையென்றால் மறு பரிசோதனை கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதை உடலை அடக்கம் செய்வதற்கு முன் செய்வது நல்லது. புதைத்த உடலைத் தோண்டி எடுக்கலாம், எரித்ததை ஒன்றும் செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது அதனால்தான்.

இந்தத் துறையில் சேர என்ன படிக்க வேண்டும்?

வேதியியல், இயற்பியல், உயிரியல் ஏதாவது ஒன்றில் பட்டம், அதன்மேல் தடய அறிவியல் முதுகலை. குஜராத்தின் காந்திநகரில் 2020 முதல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை பழைமையானது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமானால் எம்பிபிஎஸ் முடித்துச் சட்ட மருத்துவத்தில் எம்டி. "தடயவியல்" என்ற பெயரை நம்பி மட்டும் புதிய இளங்கலைப் படிப்பில் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். வேலை அறிவிப்பில் எந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், பல பணியிடங்களுக்கு அடிப்படை அறிவியல் பட்டம்தான் தகுதி.